கமராவுக்குள் தூசி: ஊதுவதா, துடைப்பதா, கொழும்புக்கு அனுப்புவதா?

ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவது ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலைப் பக்கம் அது ஜனவரி முதல் மார்ச் வரை. இரண்டுமே மழை விலகி, காற்று காய்ந்து அடிக்கும் மாதங்கள். காமன் கூத்து, தேர்த் திருவிழா, சிவனொளிபாத மலை யாத்திரை, வெளிநாட்டுப் பயணிகளின் கூட்டம் என்று மலையகத்தில் கமராவுக்கு வேலை கூடுவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட மாதங்களில்தான். லென்ஸ் மாற்றும் அந்த ஒரு நிமிடத்தில் ரோட்டுப் புழுதியும் திருநீறும் சூடப் புகையும் உள்ளே போய்விடுகின்றன. வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வானத்தில் மங்கலாக ஒரு கறுப்புப் புள்ளி நிற்கிறது.

இதற்கு வழி தேடினால் ஆறேழு கிடைக்கும். அப்படியே விட்டுவிட்டுக் கணினியில் அழிக்கலாம். கமராவே தன்னை உதறிக்கொள்ள விடலாம். ரப்பர் பந்தால் ஊதலாம், ஜெல் குச்சியால் ஒற்றி எடுக்கலாம், திரவம் விட்ட ஸ்வாப்பால் துடைக்கலாம், கொழும்பில் சேர்விஸ் நிலையத்துக்கு அனுப்பலாம். எல்லாமே நடைமுறையில் உள்ள வழிகள்தான். ஆனால் எது யாருக்கு, எப்போது என்பதில் மலைநாட்டுக் கணக்கு வேறு. இங்கே தூசி அதிக நாள் காய்ந்த தூசியாக இருப்பதில்லை; பனிமூட்டத்தின் ஈரம் ஏறிக் கண்ணாடியில் பிடித்துக்கொள்கிறது. சேர்விஸ் நிலையமும் அடுத்த தெருவில் இல்லை. இந்த ஈரத்தையும் தூரத்தையும் வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் பார்க்கிறேன்.

முதலில், அது எங்கே இருக்கிற தூசி?

டீஎஸ்எல்ஆரில் (உள்ளே மிரர் என்ற சிறு கண்ணாடி உள்ள கமரா) கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தில் தெரிகிற புள்ளி படத்தில் வராது. அது போகஸ் ஸ்கிரீனிலோ மிரரிலோ இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். வீட்டுக் கண்ணாடிகளில் பின்பக்கம் இருக்கும் வெள்ளிப் பூச்சு, கமரா மிரரில் முன்பக்கம் இருக்கிறது. துணியால் ஒரு தேய்ப்புத் தேய்த்தாலே கீறல் விழுந்துவிடும். லென்ஸின் முன் கண்ணாடியில் உள்ள தூசியும் தெளிவான புள்ளியாகப் படத்தில் வராது. வெயிலுக்கு எதிரே பிடிக்கும்போது படம் கொஞ்சம் வெளிறும், அவ்வளவுதான்.

படத்தைப் பதிவுசெய்யும் பகுதி சென்சர். அதில் உள்ள தூசியைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. அபேச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் வரும் துவாரத்தை, எஃப்/16க்கு வையுங்கள், ஐஎஸ்ஓ 100. ஆட்டோ போகஸை நிறுத்திவிட்டு, வேண்டுமென்றே போகஸ் இல்லாமல் வெள்ளைச் சுவரையோ ஒரே நிறமான வானத்தையோ படம் எடுங்கள். ஷட்டர் திறந்திருக்கும்போது கமராவை மெதுவாக அசைத்தாலும் பரவாயில்லை. சுவரின் கறைகள் கலைந்துவிடும், சென்சரில் உள்ளது மட்டும் அசையாமல் நிற்கும். அப்புறம் லென்ஸை மாற்றி இன்னொரு படம். இரண்டிலும் அதே இடத்தில் அதே புள்ளி இருந்தால் சந்தேகமே இல்லை.

அதே சுவரை எஃப்/4 இல், அதாவது துவாரத்தைப் பெரிதாக்கி, எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான புள்ளிகள் காணாமல் போயிருக்கும். காரணம், தூசி நேராகச் சென்சரில் உட்காருவதில்லை. சென்சருக்கு முன்னால் ஒரு மெல்லிய வடிகட்டிக் கண்ணாடி இருக்கிறது, தூசி அதன்மேல். சென்சரைத் துடைக்கிறோம் என்று சொல்வதெல்லாம் அந்தக் கண்ணாடியைத் துடைப்பதுதான். தூசிக்கும் சென்சருக்கும் நடுவே சிறிய இடைவெளி இருப்பதால், பெரிய துவாரத்தில் வெளிச்சம் பல கோணங்களில் வந்து நிழலைக் கரைத்துவிடுகிறது. எஃப்/16, எஃப்/22 இல் வெளிச்சம் ஒடுங்கி வருவதால் நிழல் கறுப்பாக விழுகிறது.

புள்ளியின் வடிவத்தையும் 100 வீதப் பெரிதாக்கத்தில் பாருங்கள். மங்கலான ஒழுங்கற்ற பொட்டு என்றால் புழுதி. வளைந்த மெல்லிய இழை என்றால் நார். தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் படம் எடுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே காற்றிலேயே மெல்லிய தேயிலைப் பஞ்சு மிதக்கும். நடுவில் வெளிறி, ஓரத்தில் வட்டக் கோடு தெரிந்தால் எண்ணெய்த் துளியாகவோ ஈரம் காய்ந்த தடமாகவோ இருக்கலாம். இந்த வேறுபாடு முக்கியம். பஞ்சையும் புழுதியையும் ஊதினால் போகும். வட்டக் கறை ஊதினால் போகாது.

புள்ளி எங்கே இருக்கிறது என்று தேடும்போது பலரும் குழம்புவார்கள். கமராவை நிமிர்த்திப் பிடித்து முன்பக்கமாக உள்ளே பார்த்தால் படத்துக்கும் சென்சருக்கும் மேல் கீழ்தான் மாறும், இடம் வலம் மாறாது. படத்தில் இடது மேல் மூலையில் உள்ள புள்ளியைச் சென்சரின் இடது கீழ் மூலையில் தேடுங்கள்.

விட்டுவிட்டுக் கணினியில் அழிப்பது

சோம்பேறித்தனம் என்று இதைத் தள்ளிவிட மாட்டேன். பல பேருக்கு இதுவே சரியான முடிவு. மண்டபத்துக்குள் கல்யாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று எடுப்பவர் எஃப்/2.8இலிருந்து எஃப்/5.6 வரைதான் பெரும்பாலும் பாவிக்கிறார். அந்தப் படங்களில் சாதாரணத் தூசி தெரியவே தெரியாது. அல்பம் அச்சானதும் யாரும் கேட்கப் போவதில்லை. நாலைந்து புள்ளிகளுக்காக அவர் சென்சரைத் தொடுவது தேவையில்லாத ஆபத்து.

இயற்கைக் காட்சி எடுப்பவருக்குக் கதை வேறு. தேயிலைச் செடிகளை நிறைத்து எடுத்த படத்தில் பத்துப் புள்ளி இருந்தாலும் இலைகளுக்குள் ஒளிந்துவிடும். அதே இடத்தில் நின்று, ஹப்புத்தளை மலை விளிம்பில் மூட்டம் ஏறி வருவதை எடுத்துப் பாருங்கள். முக்கால் படமும் வெள்ளை. ஒவ்வொரு புள்ளியும் எழும்பி நிற்கும். மலைநாட்டின் மிக அழகான காட்சியே தூசியை மிகத் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும் காட்சியாகவும் இருக்கிறது.

ஒரு படம் என்றால் ஹீல் கருவியால் சில நொடிகளில் அழித்துவிடலாம். நூறு படம் என்றாலும் லைட்ரூம் மென்பொருளில் ஒரு படத்தில் செய்த திருத்தத்தை மற்றவற்றுக்குப் பிரதி பண்ணலாம். வானத்தில் புள்ளி விழுந்த படங்களில் அது நன்றாக வேலை செய்யும், முகத்தின் மேலோ கம்பிகளின் மேலோ விழுந்தால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கெனன் கமராக்களில் தூசியின் இடத்தைப் பதிவுசெய்து, அந்த நிறுவனத்தின் மென்பொருளில் தானாக அழிக்கும் வசதி உண்டு. நிக்கோனிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அதிகம் பேர் பாவிக்காத நல்ல வசதி.

வீடியோவுக்கும் டைம்லாப்ஸுக்கும் இந்த வழி சரிவராது. மூட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் ஒரு புள்ளி மட்டும் அசையாமல் நின்றால் பார்ப்பவர் கண் அங்கேதான் போகும். அந்த வேலை செய்பவர் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

கமராவின் சொந்த உதறல்

சென்சருக்கு முன்னால் உள்ள கண்ணாடியை மிக வேகமாக அதிரவைத்துத் தூசியை உதறும் முறையை முதலில் கொண்டுவந்த டிஜிட்டல் கமரா 2003இல் வந்த ஒலிம்பஸ் இ-1. கெனனில் 400டி 2006இலும், நிக்கோனில் டி300 2007இலும் இந்த வசதியோடு வந்தன. இன்று பெரும்பாலான கமராக்களில் இது இருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை. நம்மூரில் பலர் கையில் உள்ள விலை குறைந்த கெனன் 1300டி, நிக்கோன் டி3400, டி3500 ஆகியவற்றில் இது கிடையாது. பழைய கமரா வாங்குகிறவர்கள் இதைப் பார்த்து வாங்குவது நல்லது.

செய்யும்போது கமராவை மேசைமேல் நிமிர்த்தி வையுங்கள், அப்போதுதான் உதிர்ந்த தூசி கீழே விழும். காய்ந்த புழுதிக்கு மட்டும்தான் இது உதவும். இலவசம், ஆபத்து இல்லை, அதனால் எப்போதும் முதலில் இதைச் செய்யுங்கள். நம்பி இருக்க வேண்டாம்.

ஊதுவது

ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது ஊதும் ரப்பர் பந்துதான். கமராக்கடைகளில் புளோவர் என்று கேட்டால் தருவார்கள். கையளவு பெரியதாக வாங்குங்கள். சின்னதில் காற்று போதாது. பின்பக்கம் காற்று இழுக்கும் வால்வு உள்ளதாகப் பார்த்து எடுங்கள். வால்வு இல்லாத பந்து, ஊதிய தூசியையே முனைவழியாகத் திரும்ப உறிஞ்சி அடுத்த ஊதலில் உள்ளே தள்ளும். புதுப் பந்துக்குள் ரப்பர் ஒட்டாமல் இருக்கப் போட்ட தூள் இருக்கக்கூடும், அதனால் முதலில் வெளியே பல தரம் அமுக்கிவிட்டுப் பிறகு கமராவுக்குக் கொண்டுவாருங்கள்.

எப்போது ஊதுகிறோம் என்பதில்தான் மலைநாட்டில் எல்லாமே இருக்கிறது. கையில் பட்ட கோதுமை மாவை, கை காய்ந்திருக்கும்போது தட்டினால் போய்விடும். ஈரக் கையில் பட்டால் தேய்த்துத்தான் கழுவ வேண்டும். சென்சர் கண்ணாடியில் விழுந்த தூசியும் அப்படித்தான். பகலில் பண்டாரவளை வெயிலில் விழுந்த புழுதி அன்று மாலையே ஊதினால் போகிறது. இரவுப் பனியில் பை நனைந்து, கமரா குளிர்ந்து, காலையில் வீட்டுச் சூட்டில் கண்ணாடி வியர்த்துவிட்டால் அதே புழுதி ஒட்டிக்கொள்கிறது. ஒரு வாரம் கழித்து எத்தனை ஊது ஊதினாலும் அசையாது. படம் எடுத்த அன்றே, பையைப் பிரிக்கும்போதே ஊதிவிடுகிற பழக்கம் ஒன்று இருந்தால் ஸ்வாப் தேவைப்படும் நாட்கள் பாதியாகக் குறையும் என்பது என் அனுபவம்.

பெட்டரி நிறைய இருக்க வேண்டும். டீஎஸ்எல்ஆர் என்றால் மெனுவில் உள்ள சுத்தம் செய்யும் நிலையைத் தெரிவுசெய்தால் மிரர் மேலே போய் ஷட்டர் திறந்து நிற்கும். பல்ப் முறையில் (பொத்தானை அமுக்கிப் பிடிக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் முறை) ஷட்டரைப் பிடித்துக்கொண்டு செய்யாதீர்கள். விரல் நழுவினால் ஷட்டர் தகடு பந்தின் முனையில் வந்து அடிக்கும். மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றினாலே பெரும்பாலும் சென்சர் தெரியும். கமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்து, கீழிருந்து மேலாக ஊதுங்கள். பந்தின் முனை லென்ஸ் வளையத்துக்கு உள்ளே போகக் கூடாது. பத்துப் பதினைந்து நல்ல ஊதல், கமரா அப்படியே கவிழ்ந்தபடி சில நொடி, மூடி, திரும்ப எஃப்/16 இல் ஒரு படம்.

சில மிரர்லெஸ் கமராக்கள், கெனனின் ஈஓஎஸ் ஆர் போன்றவை, நிறுத்தியதும் ஷட்டரை மூடிச் சென்சரை மறைக்கின்றன. லென்ஸ் மாற்றும்போது நல்ல பாதுகாப்புத்தான், ஆனால் மூடியிருக்கும் ஷட்டர் தகடுமேல் பலமாக ஊதக் கூடாது. அது மெல்லிய தகடு. சுத்தம் செய்யும் நிலைக்குப் போய், ஷட்டர் திறந்த பிறகே ஊதுங்கள்.

வாயால் ஊதுவது, எச்சில் துளியைக் கண்ணாடியில் கொண்டுபோய் வைப்பது. டின்னில் அடைத்த காற்று, டின் சரிந்தால் உள்ளே உள்ள திரவமே சீறி வந்து கண்ணாடியில் உறைந்து கறையாகும். டயர்க்கடைக் கொம்பிரசர் காற்றில் எண்ணெயும் தண்ணீரும் கலந்திருக்கும், வேகமும் மிக அதிகம். இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம்.

ஜெல் குச்சியும் தூரிகையும்

குச்சியின் நுனியில் ஒட்டும் ஜெல் கட்டி இருக்கும். கண்ணாடியில் மெதுவாக ஒற்றி எடுத்தால் தூசி ஜெல்லோடு வரும். ஒவ்வொரு ஒற்றலுக்குப் பிறகும் அதோடு வரும் ஒட்டுத்தாளில் ஜெல்லை ஒற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். ஊதியும் போகாத காய்ந்த தூசிக்கு இது நல்ல வழி, திரவம் இல்லாததால் கோடும் விழாது. எண்ணெய்க் கறைக்கு உதவாது. இரண்டு எச்சரிக்கை. சில கமராக்களின் கண்ணாடிப் பூச்சுக்குச் சாதாரண ஜெல் ஒத்துவராது, தடம் விடும். சோனி கமரா வைத்திருப்பவர்கள் அதற்கென்று விற்கும் குச்சியைத்தான் வாங்க வேண்டும். இன்னொன்று, ஜெல்லில் மணல் துகள் ஒட்டியிருப்பதைக் கவனிக்காமல் அடுத்த தரம் ஒற்றினால் கீறல் உங்கள் கையால் விழும்.

தூரிகை என்றால் சென்சருக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். சாதாரணத் தூரிகை மிரர் பெட்டியின் ஓரத்தில் உள்ள எண்ணெயைத் தொட்டுவிட்டு வந்து சென்சர் முழுக்கப் பூசிவிடும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

ஈர ஸ்வாப்

எல்லாருக்கும் பயம் தருவதும், சரியாகச் செய்தால் உண்மையாகவே சுத்தமாக்குவதும் இதுதான். ஸ்வாப் என்பது நுனியில் தூசி விடாத துணி சுற்றிய தட்டையான பிளாஸ்டிக் துடுப்பு. அதன் அகலம் சென்சரின் குறுகிய பக்கத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். புல் பிரேம் சென்சர் 36க்கு 24 மில்லிமீற்றர், அதற்கு 24 மில்லிமீற்றர் ஸ்வாப். ஏபிஎஸ்-சி சென்சருக்கு 16 மில்லிமீற்றர். மைக்ரோ போர் தேர்ட்ஸுக்கு இன்னும் சிறியது, 12 மில்லிமீற்றர் அளவில் விற்கிறார்கள். அளவு மாறி வாங்கினால் ஒரே இழுப்பில் முடியாது, நடுவில் கோடு விழும்.

திரவம் வாங்கும்போது விலையில் சிக்கனம் பார்க்காதீர்கள். சென்சருக்கென்று விற்கும் திரவம் எந்தத் தடமும் விடாமல் ஆவியாகும்படி செய்யப்பட்டது. பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஆமணக்கெண்ணெய் போன்றவை கலந்திருப்பதுண்டு. துடைத்த பிறகு படலம் நிற்கும். 70 வீத ஐசோபுரோப்பைல் என்றால் மீதி 30 வீதம் பெரும்பாலும் தண்ணீர். மூக்குக்கண்ணாடி துடைக்கும் நீரும் வேண்டாம்.

செய்யும் விதம் இது. முதலில் நன்றாக ஊதுங்கள், ஏனென்றால் மணல் இருக்கும்போது துடைத்தால் அதுவே உரசும். ஸ்வாப்பின் விளிம்பில் இரண்டு மூன்று துளி விட்டு, துணி முழுக்கப் பரவும்வரை பத்து நொடி பொறுங்கள். சொட்டச் சொட்ட இருக்கக் கூடாது. சென்சரின் ஒரு ஓரத்தில் வைத்து, போகும் திசைக்குக் கொஞ்சம் சாய்த்து, கையெழுத்துப் போடும்போது பேனாவுக்குக் கொடுக்கும் அழுத்தத்தோடு, எடுக்காமல் மறு ஓரம்வரை ஒரே இழுப்பு. ஸ்வாப்பைத் திருப்பி, மறுபக்கத் துணியால் அதே வழியில் திரும்ப ஒரு இழுப்பு. முடிந்தது. அந்த ஸ்வாப்பை வீசிவிடுங்கள். விலையைப் பார்த்து அதையே இன்னொரு தரம் பாவிக்க மனம் வரும். முதல் இழுப்பில் எடுத்த துகள் இப்போது அந்தத் துணியில்தான் இருக்கிறது.

சென்சர் அசைந்து படத்தை நிலைப்படுத்தும் கமராக்களில், ஸ்வாப் வைத்ததும் சென்சர் லேசாக அசைவது தெரியும். அது இயல்பு. அழுத்தத்தைக் குறையுங்கள், பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள்.

எங்கே, எப்போது செய்வது? வெயில் ஏறிய நடுப்பகல், மழை இல்லாத நாள். ஈரக் காற்றில் திரவம் ஆற நேரமாகும், கோடு விழும். நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. அங்கே மாலையில் மூட்டம் இறங்கிய பிறகு இந்த வேலையைத் தொடக்கூட வேண்டாம். விறகு அடுப்பு எரியும் வீடு என்றால் அடுப்பு அணைந்து நெடுநேரம் ஆன பிறகு, அடுப்படியிலிருந்து தள்ளியுள்ள அறையில். தரையை ஈரத்துணியால் துடைத்து, அது காய்ந்த பிறகு, காற்றாடியை நிறுத்தி, கம்பளிச் சுவெட்டரைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். கம்பளி நார் சென்சருக்குள் போனால் பெரிய இழையாகத் தெரியும், மலைநாட்டில் சுவெட்டர் போடாத ஆள் யார்?

இதை யார் கற்றுக்கொள்ள வேண்டும்? கமராவால் சம்பாதிப்பவர்கள், மூட்டத்தையும் வானத்தையும் எடுப்பவர்கள், வீடியோ செய்பவர்கள். பதுளையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ கொழும்புக்குப் போய் வர ஒரு நாள் கூலி போய்விடும். சீசனில் கமரா இல்லாமல் ஒரு வாரம் நின்றால் அதைவிடப் பெரிய நட்டம். அவர்கள் முதல் தரம் பழகுவதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கச் செய்வது நல்லது. பழைய, விலை குறைந்த உடலில் பழகலாம் என்றால் இன்னும் நல்லது. வருடத்துக்கு இரண்டு திருவிழாவும் குடும்பப் படங்களும் மட்டும் எடுப்பவர், ஒரே ஒரு கமரா வைத்திருப்பவர், கை நடுக்கம் உள்ளவர் இதில் இறங்கத் தேவையில்லை. ஊதுவதோடு நிறுத்திக்கொண்டு, யாராவது கொழும்புக்குப் போகும்போது கொடுத்தனுப்பலாம்.

ஈரம் வராமல் பார்ப்பது

ஹோட்டன் சமவெளியில் விடிகாலைக் குளிரில் எடுத்துவிட்டு, நேரே சூடான வேனுக்குள்ளோ சமையலறைக்குள்ளோ வந்து லென்ஸைக் கழற்றினால் சென்சர் கண்ணாடி நொடியில் வியர்க்கும். உள்ளே வரும் முன்பே கமராவைப் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். ஈரம் பையின் வெளிப்பக்கத்தில் படியும். கமரா அறைச் சூட்டுக்கு வந்த பிறகு, ஒரு மணி நேரமானாலும் பொறுத்து, திறவுங்கள்.

வைக்கும் பெட்டியில் ஈரப்பதம் 40இலிருந்து 50 வீதத்துக்குள் இருந்தால் போதும். உலர் அலுமாரி வாங்க வசதி இல்லாதவர்கள் இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கலாம். நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பாவிக்கலாம். அரிசி போடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அரிசித் தவிடும் மாவும் நுண்ணிய தூசி. ஈரத்தைத் தடுக்கப் போய்த் தூசியை நாமே பெட்டிக்குள் வைக்கிறோம். தோல் பையில் மாதக்கணக்கில் பூட்டி வைப்பதும் பூஞ்சணத்துக்கு இடம்கொடுப்பதுதான்.

அனுப்பித்தான் ஆக வேண்டிய நேரம்

சில கறைகளுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. இரண்டு தரம் ஸ்வாப் போட்டும் அதே இடத்தில் நிற்கும் புள்ளி கீறலாக இருக்கலாம். கிளை விட்ட மெல்லிய நூல்போலத் தெரிந்தால் பூஞ்சணம். துடைத்துச் சில நூறு படங்களுக்குள் திரும்பத் திரும்ப எண்ணெய்ப் புள்ளி வந்தால் ஷட்டரிலிருந்து தெறிக்கிறது என்று பொருள். 2012இல் வெளிவந்த நிக்கோன் டி600இல் இப்படிப் புள்ளிகள் வருவதாகப் பலரும் முறையிட்டு, 2014இல் அந்த நிறுவனம் ஷட்டரை இலவசமாக மாற்றிக்கொடுக்க முன்வந்தது. பழைய கமராச் சந்தையில் டி600 வாங்குபவர்கள் ஷட்டர் மாற்றப்பட்டதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. உத்தரவாதக் காலத்துக்குள் உள்ள கமராவையும் நான் வீட்டில் ஈரமாகத் துடைக்க மாட்டேன். கீறல் விழுந்தால் உத்தரவாதம் அதை ஏற்காது. லென்ஸ் கழற்ற முடியாத சின்னக் கமராக்களில் தூசி போயிருந்தால் அதைப் பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். அதன் கூலி கமராவின் பெறுமதிக்குக் கிட்ட வந்தால் விட்டுவிடுவதே புத்தி.

அனுப்பும் முன் போனில் இரண்டு கேள்வி கேளுங்கள். ஊதுவது மட்டுமா, ஈர ஸ்வாப்பும் போடுவீர்களா? வேலை முடிந்ததும் எஃப்/16 இல் சோதனைப் படம் எடுத்துத் தருவீர்களா? இரண்டாவதற்குத் தயங்கும் இடத்தில் கொடுக்காதீர்கள். லென்ஸ், மெமரி கார்ட், பட்டி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, உடலுக்கு மூடி போட்டு அனுப்புங்கள். பெட்டரியை மட்டும், சார்ஜ் ஏற்றி, கூடவே வையுங்கள். சுத்தம் செய்யும் நிலைக்கு அது வேண்டும். உடலின் இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுத்த சோதனைப் படத்தில் புள்ளிகளை வட்டமிட்டுக் கூட அனுப்பினால் பார்ப்பவருக்கும் வேலை எளிது. மலைப்பாதை பஸ்ஸில் பார்சலாகப் போகிறது என்றால் பெட்டிக்குள் நாலு பக்கமும் ஸ்பொஞ்ச் வைத்து, கமரா ஆடாமல் இறுக்கமாகக் கட்டுங்கள்.

கொடுத்த கமராவை நேரில் திரும்ப எடுக்கப் போகிறவர்கள் ஒரு லென்ஸும் கார்டும் கையோடு கொண்டுபோங்கள். காசைக் கொடுக்கும் முன் அங்கேயே வெள்ளைச் சுவரை எஃப்/16 இல் ஒரு படம் எடுத்து, நாலு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளி இருந்தால் அப்போதே காட்டினால் அங்கேயே திரும்பத் துடைத்துத் தருவார்கள். ஹட்டன் வந்து சேர்ந்த பிறகு பார்த்தால் இன்னொரு தரம் இறங்கிப் போக வேண்டும்.